எலி வீட்டுச் சித்தி

பழைய எலி வீட்டை இடித்துவிட்டார்கள். போன வாரம் பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போனபோது பார்த்தேன். ஆராய்ச்சி நிலையத்தின் பின்புறம், மரங்களுக்கு நடுவில், மஞ்சள் பூச்சு உரிந்துபோய் நின்ற, சோதனை எலிகளை வளர்த்த ஒற்றை மாடிக் கட்டடம் அது. இப்போது அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து உலுக்கி, "இங்கதான் எங்க சித்தி வேலை பாத்தாங்க" என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்து, கார்களுக்கு நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். பெட்ரோல் வாசனைதான் வந்தது.

எலி வீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. மரச்சீவல், கிருமிநாசினி, நீராவியில் வெந்த தகரப் பெட்டிகள், இவை எல்லாவற்றுக்கும் அடியில் சுண்டெலிகளின் லேசான புளித்த நெடி. சித்தி எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் காதோரத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் உறவுக்காரர்கள் அவளுக்கு 'எலிச் சித்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அவளுக்குக் கேட்கிற தூரத்தில் சொல்வார்கள். அதில் அவர்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம்.

சித்தி படித்தது பள்ளிப் படிப்பு மட்டும். எலிகளுக்கு ஜோடி சேர்ப்பதுதான் அவள் உத்தியோகம். அதுவும் அண்ணனுக்கும் தங்கைக்கும். கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. அப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் ஒரு வம்சத்து எலிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல ஆகிவிடும். ஒன்றின் தோலை எடுத்து இன்னொன்றின் முதுகில் ஒட்டினால்கூட உடம்பு அதை வேற்றாளாக நினைக்காது. ஓர் அறையில் கறுப்பு வம்சம், எதிர் அறையில் வெள்ளை வம்சம். நடைவழியின் கோடியில் சின்னதாக ஓர் அறை உண்டு. அங்கே கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளைகள் இருக்கும். அவை சாம்பல் நிறமாக இருக்கும் என்றுதானே யாரும் நினைப்போம்? இல்லை, நல்ல பழுப்பு. சித்திக்கு அந்தப் பழுப்பு அறைதான் செல்லம்.

என் அப்பா அதே நிலையத்தில் நீராவிச் சாதனங்களைப் பழுதுபார்ப்பவர். எலிகளுக்குப் போகிற பெட்டி, மரச்சீவல், தண்ணீர்க் குப்பி எல்லாம் அவருடைய பெரிய நீராவி அடுப்பில் வெந்து கிருமி செத்த பிறகுதான் உள்ளே போகும். ஒருநாள் அடுப்பின் கதவு சிக்கிக்கொண்டது. "எலிங்கல்லாம் ஈரத்துல உக்காந்திருக்கு, நீங்க என்னடான்னா சாவகாசமா ஸ்க்ரூ முடுக்கிட்டு இருக்கீங்க" என்று சித்தி சத்தம் போட்டிருக்கிறாள். அப்படித்தான் அறிமுகம். என்னைப் பெற்ற அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஏழு வயது. பதிவாளர் அலுவலகத்தில் அப்பாவோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு எனக்குச் சித்தியாக வந்தாள்.

வந்த மறுநாள் காலையிலேயே வீடு இரண்டுபட்டது. நான் தூங்கி எழுந்து சமையலறைக்குப் போனேன். அம்மாவின் நீல ஸ்வெட்டர் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. பிறகு அது திரும்பியது. உள்ளே இருந்தது சித்தி.

"அது எங்கம்மாவோடது! கழட்டு! கழட்டு!"

தெருவே கேட்கும்படி கத்தினேன். அதற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது. ஏழு வயதுப் பிள்ளை வேறு எப்படிக் கத்தும்? கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்த மாமாவும் மாமியும் ஓடி வந்தார்கள். மாமா, என்னைப் பெற்ற அம்மாவின் அண்ணன். தங்கையின் ஸ்வெட்டரைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. மாமிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"நல்லா இருக்கு கதை! வந்த மறுநாளே செத்தவ துணியில கை வச்சாச்சு" என்றாள்.

சித்தி ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, அலமாரியில் எடுத்த இடத்திலேயே வைத்தாள். குளிருக்கு எடுத்துப் போட்டுக்கொண்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதில் சித்தி சுத்த மோசம்.

அவள் அந்த ஸ்வெட்டரைப் போட்டதன் காரணம் எனக்கு விடுமுறையில்தான் தெரிந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னை எலி வீட்டுக்குக் கூட்டிப்போய் நடைவழியில் ஒரு முக்காலியில் உட்கார வைப்பாள். உள்ளே விடமாட்டாள், கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஒருநாள் கறுப்பு எலி ஒன்று குட்டி போட்ட கையோடு செத்துப்போயிருந்தது. விரல் நுனி அளவுக்கு, ரோமம் இல்லாமல், ரோஜா நிறத்தில் குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. சித்தி வெள்ளை அறையிலிருந்து குட்டி போட்டிருந்த தாய் ஒன்றின் பெட்டியைக் கொண்டுவந்தாள். தாயை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். பிறகு கறுப்பின் குட்டிகளை அந்த வெள்ளையின் கூட்டில் இருந்த அழுக்குச் சீவலில் வைத்து, மெதுவாக, முதுகு, வயிறு எல்லாம் படும்படி உருட்டி உருட்டித் தேய்த்தாள். அதன் பிறகுதான் தாயை உள்ளே விட்டாள். அது ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. பிறகு தன் பிள்ளைகளையும் வந்த பிள்ளைகளையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே படுத்துக்கொண்டது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அப்படிப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"அந்தக் கூட்டு வாசனை வரணும். வேத்து வாசனை அடிச்சா சேத்துக்காது. சில சமயம் கடிச்சும் போட்டுரும்."

"அதுக்குத்தான் எங்கம்மா ஸ்வெட்டரைப் போட்டீங்களா?"

சித்தியின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. கையை இன்னொரு தடவை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எனக்கு வேற வழி தெரியலை" என்றாள்.

உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. புது வீட்டுக்கு வருகிறவர்கள் பொம்மை வாங்கி வருவார்கள், மிட்டாய் வாங்கி வருவார்கள். இவள் எங்கள் கூட்டு வாசனையைப் பூசிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கினேன்.

அடுத்த சில வருடங்கள் எங்கள் வீட்டில் நல்ல வருடங்கள். இப்போது எப்போதாவது கண்ணை மூடினால் எனக்கு வருவது அந்தச் சாப்பாட்டு மேஜைதான். ஆட்டம் கொடுக்கிற ஒரு காலுக்கு அடியில் அப்பா மடித்து வைத்த அட்டை, மேலே மஞ்சள் பல்பு, கையைக் காலை ஆட்டி அன்றைய சோதனையைச் சொல்லும் சித்தி. மற்ற வீடுகளில் அக்கம்பக்கத்துச் சங்கதி ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் எலிகளின் சங்கதி ஓடும். அவளை வேலைக்கு வைத்திருந்த டாக்டரம்மா, ஆறிப்போன தேநீரை மட்டுமே குடித்து வாழ்ந்த மனுஷி. யோசனையில் இருந்தால் கோப்பையை மறந்துவிடுவார். யார் காது கொடுத்தாலும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார். சித்தி இரண்டு காதையும் கொடுத்தாள்.

மாமா ஊரிலிருந்து வந்தால் அவரும் அந்த மேஜையில் இருப்பார். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். அதனால் அவருக்கு ஒரு பழக்கம். எதிரே இருப்பவர் வேகமாகப் பேசினால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே அவருக்கு ஒரு பிரேக் இருப்பதாக நினைப்பு. சித்தி எலிக்கதை ஆரம்பித்தால் மேஜைக்கு அடியில் அந்தக் கால் ஓயாமல் வேலை செய்யும். அதை எண்ணிக்கொண்டு நான் சிரிப்பை அடக்குவேன்.

"உடம்புல ரெண்டு வகை செல் இருக்குண்ணா. ஒருத்தன் எதிர்ப்பொருள் தயாரிக்கிறவன். கிருமி வந்தா அதைப் பிடிக்கிறதுக்கு. இன்னொருத்தன் உதவிக்காரன். 'இது வேத்தாள்தான், நீ ஆரம்பி'ன்னு பக்கத்துல வந்து இவன் சொன்னாத்தான் அவன் வேலையைத் தொடங்குவான்."

"எங்க ஆபீஸ் மாதிரி" என்றார் அப்பா.

"கேளுங்க. கதிர் பாய்ச்சி ஒரு பழுப்பு எலியோட சொந்த செல்லையெல்லாம் ஒழிச்சிட்டோம். இப்ப அந்த உடம்பு காலி வீடு. அது கறுப்புக்கும் வெள்ளைக்கும் பொறந்த பிள்ளை, அதனால ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் வேண்டாம்னு சொல்லாது. அதுக்குள்ள கறுப்போட உதவிக்காரனையும் கறுப்போட தயாரிப்பாளனையும் குடி வச்சா, ரத்தத்துல எதிர்ப்பொருள் கொட்டுது. வெள்ளைக்கு வெள்ளையும் அப்படித்தான். ஆனா கறுப்பு உதவிக்காரனை வெள்ளைத் தயாரிப்பாளனோட குடி வச்சா..."

"வச்சா?"

"ஒண்ணுமே இல்லண்ணா. ரெண்டு பேரும் உசிரோட இருக்காங்க. அடுத்தடுத்து இருக்காங்க. கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க."

மாமாவின் கால் அழுத்தியது. "செத்துகித்து போயிருக்கும்மா."

"இல்ல, அதே உதவிக்காரன் கறுப்புத் தயாரிப்பாளன் பக்கத்துல போனா சுறுசுறுப்பா இருக்கான். ஆளு நல்ல ஆளுதான். இவனுக்குத்தான் உதவ மாட்டேங்கிறான்."

இது எதனால் என்று பார்ப்பதற்கு டாக்டரம்மாவும் சித்தியும் வருடக்கணக்கில் எலிகளைக் கலந்து கலந்து பிறக்க வைத்தார்கள். மற்ற எல்லாமே ஒன்றாக இருந்து, பதினேழாவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு மட்டும் வேறாக இருந்தால் அந்தச் செல்கள் ஒன்றுக்கொன்று உதவவில்லை. மற்ற எல்லாமே வேறாக இருந்தும் அந்தத் துண்டு மட்டும் ஒன்றாக இருந்தால் உதவின. "அப்போ மத்தப் பொருத்தமெல்லாம் சும்மாவா?" என்று அப்பா சித்தியைப் பார்த்துக் கண்ணடித்தார். சித்தி அவர் தலையில் கரண்டிக் காம்பால் தட்டினாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எங்களுக்கு எப்படித் திரும்பி வரப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எனக்குப் பதினொரு வயதில் அப்பா போய்விட்டார். வேலையில் இருக்கும்போதே, அந்த நீராவி அடுப்புக்கு முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எலி வீட்டுக்கும் அந்த அடுப்புக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். சித்தி வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தாளாம். எனக்கு அதைச் சொன்னவர் டாக்டரம்மா. சித்தி கடைசிவரை அந்தக் காலைப்பொழுதைப் பற்றிப் பேசியதே இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மாமா மட்டும் இருந்தார். பக்கத்தில் புத்தம்புதிதாக ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. எனக்குத் துணிமணி வைக்க வாங்கி வந்திருந்தார். மாமா கெட்டவரில்லை, அதுதான் கஷ்டம். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய தங்கையைப் பார்த்தார். இழுத்துக்கொண்டு போக வரவில்லை, காப்பாற்ற வந்திருந்தார்.

"தங்கச்சி, நான் மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே" என்று ஆரம்பித்தார். "அவன் இருந்தவரைக்கும் சரி. இனிமே உனக்கும் இவளுக்கும் நடுவுல யார் இருக்கா? நீ சின்ன வயசுக்காரி, உனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு. இவ எங்க வீட்டு ரத்தம். நீயே இந்த மேஜையில உக்காந்து சொன்னியேம்மா, வேற ரத்தம்னா பக்கத்துலயே இருந்தாலும் கண்டுக்காதுன்னு. நானா சொன்னேன்? நீதான் சொன்னே."

நான் சித்தியைப் பார்த்தேன். 'அது எலி, இது மனுஷி' என்று அவள் ஒரு வரி சொன்னால் போதும். தெருவில் போகிற யாரை நிறுத்திக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் அத்தனை வருடம் எலிகள் சொன்னதைக் கேட்டு, ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல் டாக்டரம்மாவிடம் சொன்னவள். தனக்கு வேண்டியபோது எலியாவது ஒன்றாவது என்று தள்ளிவிட அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமாண்ணா" என்றாள். "அப்படித்தான் வந்துச்சு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தட்டைத் தூக்கி எறியலாம்போல இருந்தது. மாமாமேல் இல்லை, அவள்மேல். சித்தி மேஜையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே, "பள்ளிக்கூட வருஷம் முடியட்டும்ணா. நடுவுல எடுத்தா படிப்பு கெட்டுடும்" என்று மட்டும் சொன்னாள். மாமா ஒத்துக்கொண்டார். சிவப்புப் பெட்டியை என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். தினமும் படுக்கும்போது என் முதுகுக்கு நேர் கீழே அது இருந்தது.

அந்த வருடம்தான் டாக்டரம்மா அடுத்த கேள்வியைக் கையில் எடுத்திருந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே சித்தி எனக்குச் சொன்னாள். அப்பா இல்லாத மேஜையில் உட்கார்ந்து பேச அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பழுப்பு எலியோட எலும்பு மஜ்ஜையை, அதான் இந்த செல்லெல்லாம் பொறக்கிற இடம், கதிர் வச்சு அழிச்சிட்டு, கறுப்போட மஜ்ஜையை உள்ள வைக்கிறோம். அதுலேர்ந்து புதுசா உதவிக்காரங்க வருவாங்க. பொறப்பு கறுப்பு. ஆனா வளர்றது பழுப்போட உடம்புல. அங்க வெள்ளையோட அடையாளமும் இருக்கும். தினம் அதைப் பாத்துக்கிட்டே வளருவாங்க. அப்படி வளந்தவங்க பின்னால ஒரு வெள்ளைத் தயாரிப்பாளனைப் பாத்தா உதவுவாங்களா, மாட்டாங்களா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நினைக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் இல்லை. அந்தத் தட்டை எடு."

அப்படிச் சொன்னாளே தவிர அந்த மாதங்களில் அவள் இளைத்துப்போனாள். நானும்தான். வகுப்பில் ஆசிரியை படம் வரையச் சொன்னால் எலி வரைந்தேன். அந்த எலிகள் சரியாகச் சொல்லிவிட்டால் சிவப்புப் பெட்டி காலியாகவே திரும்பிப் போய்விடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. பழுப்பு அறை இருந்த திசையைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சியிருக்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஒரு சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உதவுறாங்க" என்றாள்.

"சித்தி!"

"கறுப்பு வீட்ல வளந்தவன் உதவலை. பழுப்பு வீட்ல வளந்தவன் வெள்ளைக்கு உதவுறான். ரெண்டு பேருக்கும் பொறப்பு ஒண்ணுதான். டாக்டரம்மா இன்னிக்குத் தேநீரைச் சூடாவே குடிச்சிட்டாங்க, நாக்கு வெந்துபோச்சு."

நான் குதித்தேன். நாற்காலியைச் சுற்றி ஓடினேன். "மாமா வந்ததும் முதல்ல இதைச் சொல்லுங்க! அவருக்குப் புரியலைன்னா நான் சொல்றேன்!"

"சொல்ல மாட்டேன்" என்றாள் சித்தி.

என் ஓட்டம் நின்றது. அவள் என்னை இழுத்துத் தன் முழங்காலுக்கு முன்னால் நிறுத்தினாள். "நாளைக்கே வேற எலி வந்து வேற மாதிரி சொல்லுதுன்னு வையி. அப்ப உன்னைத் திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். அவள் கண் எங்கேயோ இருந்தது. என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

பள்ளி மூடிய வாரம், சனிக்கிழமை, மாமா வந்தார். சனிக்கிழமைதான் சித்தி வாரம் முழுக்கப் போட்ட வெள்ளைக் கோட்டை ஒரு பைக்குள் கட்டிக் கொண்டுவந்து வெந்நீரில் ஊறப்போடும் நாள். ஊறப்போடும்வரை அந்தப் பை பின்கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். அதைத் தொடவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் சட்டை பாவாடை எல்லாம் ஏற்கெனவே சிவப்புப் பெட்டிக்குள் இருந்தன. சித்திதான் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தாள். அதைப் பார்த்து நான் காலையிலிருந்து அவளோடு பேசவில்லை.

மாமா தேநீரை உறிஞ்சினார். எங்கள் முகத்தைப் பார்த்து, சூழ்நிலையை லேசாக்க நினைத்து, "என்ன தங்கச்சி, உன் எலிங்க தீர்ப்பு சொல்லிடுச்சா?" என்றார்.

"எலிக்கு இதுல வேலை இல்லண்ணா" என்றாள் சித்தி. கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும், சொல்லத் தெரியலை. எனக்கு இவ வேணும். காரணமெல்லாம் ஒண்ணும் இல்லை. ரத்தம் இல்லை, எதுவும் இல்லை. எனக்கு வேணும்."

மாமாவின் வலது கால் தரையை அழுத்தியது. நான் பார்த்தேன். அழுத்திய காலை அவர் எடுக்கவே இல்லை.

பிறகு மாமா தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டு, "உனக்கு வேணும். சரி. அவளுக்கு?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு குட்டி. யாருக்கும் பயப்படாதே."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். அழுகை வந்தால் மாமா அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார் என்று வேறு பயம். எழுந்து பின்கதவுக்குப் போனேன். ஆணியிலிருந்து பையை இறக்கி முடிச்சை அவிழ்த்தேன். மரச்சீவலும் கிருமிநாசினியும் புளித்த நெடியுமாக அந்த வாசனை முகத்தில் அடித்தது. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அது என் கணுக்கால்வரை தொங்கியது. அதன் கைகள் முழங்காலைத் தொட்டன. அப்படியே நடந்து வந்து சித்தியின் நாற்காலியில், அவளை நெருக்கிக்கொண்டு பாதி இடத்தில் உட்கார்ந்தேன்.

"இது என்ன வேஷம்?" என்றார் மாமா.

சித்திக்கு விளங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், அலமாரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நீல ஸ்வெட்டர் அங்கேதான் இருந்தது.

"அதைக் கழட்டு" என்றாள். "துவைக்காத கோட்டு அது. கிருமி."

"முடியாது போ. உனக்கு என்ன?" என்றேன் நான்.

மாமாவுக்குக் கோட்டு விளங்கவில்லை, ஆனால் எங்கள் இருவர் முகமும் விளங்கியது. மிச்சத் தேநீரைக் குடித்தார். பெட்டியைத் திறந்து, என் துணிகளை எடுத்துக் கட்டில்மேல் அடுக்கினார். கிளம்பும்போது, "பெட்டி இங்கயே இருக்கட்டும். லீவுக்கு மாமா வீட்டுக்கு வர்றப்ப வேணும்ல" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷனை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கதவு சாத்தியதும் சித்தி என் பக்கம் திரும்பினாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "கழட்டுன்னு சொல்றேன்ல" என்றாள் மறுபடியும். சொல்லிக்கொண்டே, தொங்கிக்கொண்டிருந்த கோட்டின் கைகளை, என் மணிக்கட்டு தெரியும்வரை மெதுவாக மடித்துவிட்டாள்.